குழாய்க்குள் கேட்ட ஐந்தாவது கேள்வி

உயிரோடு இருக்கும்போதே கபுறுக்குள், அதுதான் புதைகுழிக்குள், ஒரு தடவை விசாரிக்கப்பட்டவன் நான். எங்கள் ஊர் கல்முனைக்குடியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். (சிரிப்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவன் சொன்னால் இன்னும் கூட்டித்தான் சொல்லுவான்.)

முதலில் நான் யார் என்று சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சைக்கிளில் மீன் பெட்டி கட்டி நற்பிட்டிமுனை வரை கூவி விற்றவன். இன்று எனக்குச் சொந்தமாக ஐஸ் தொழிற்சாலை இருக்கிறது. இந்தக் கரையில் என் ஐஸ் படாத மீன் கொழும்புக்குப் போவதில்லை. "நானே நினைச்சன், நானே செஞ்சன்" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுவேன். பதினோராவது தடவை என் மனைவி சுபைதா எழுந்து குசினிக்குப் போய்விடுவாள்.

மகள் நஸ்ரினின் கலியாணத்தையும் அப்படித்தான் நானே நினைத்தேன், நானே செய்தேன். மாப்பிள்ளை, நெல் மில் வைத்திருக்கும் ஹாஜியாரின் மகன். "புள்ளைட்ட கேட்டீங்களா?" என்று மில் ஹாஜியார் கேட்டபோது, "கேக்காம இரிப்பனா? ஓம் எண்டுட்டா" என்றேன். நான் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. நிகாஹ்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் தாரணி மிஸ் என்னைத் தேடி வந்தாள். (என்னையும் ஊர் ஹாஜியார் என்றுதான் கூப்பிடும்.) பக்கத்து ஊர் பாண்டிருப்புப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் நஸ்ரினுக்குப் படிப்பிக்கிறவள்.

"ஹாஜியார், சில இளம் பிள்ளைகள் எதுக்கும் 'நாங்க' எண்டு நினைக்குங்கள். சிலது 'நான்' எண்டு நினைக்கும். அவங்கட மூளைட அமைப்பில ஏதும் வித்தியாசம் இருக்கா எண்டு படம் எடுத்துப் பார்க்கப் போறம்."

"இரிக்கா?"

"இருக்கலாம். இல்லாமலும் போகலாம். அதுக்குத்தானே பார்க்கிற."

படம் எடுக்கும் பெரிய இயந்திரம் தூரத்து ஆஸ்பத்திரியில் இருந்தது. அதற்குள் அசையாமல் கிடக்க வேண்டுமாம். அதனால் ஊரிலேயே ஒரு நாள் பழக்க வேண்டும் என்றாள். இருபது பிள்ளைகளைத் திரட்டுவதை நான் பொறுப்பெடுத்தேன். மண்டபம் மில் ஹாஜியாருடையது. அவரும் வந்து கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் ஒரு தாள் கொடுத்தாள். 'முக்கியமான முடிவுக்கு முன் குடும்பத்தாரின் விருப்பத்தைக் கேட்பேன்' என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை இலக்கம் போட வேண்டும்.

"மச்சான், நீ எத்தின போட்ட?"

"நாலு."

"அப்ப நானும் நாலு."

தாரணி தலையில் கை வைத்தாள். "தனித்தனியா நிரப்பச் சொன்னேனே!"

"தனித்தனியாத்தான் மிஸ் எல்லாரும் நாலு போட்ட."

நஸ்ரின் மட்டும் தன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மறந்தும்போனேன்.

பிறகு திரையை விலக்கினார்கள். வெள்ளை அடித்த பெரிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருந்தது. ஒரு முனை அடைப்பு, மறு முனை திறப்பு. உள்ளே படுக்கப் பலகை, தலைமாட்டில் ஒரு ஒலிபெருக்கி. இயந்திரத்தின் சத்தத்தையும் கேள்விகளையும் பதிவு செய்து அதில் போடுவார்களாம். மற்றபடி வெறும் குழாய்தான்.

ஒரு பொடியன் மெதுவாகச் சொன்னான்: "மச்சான், இது கபுறு மாதிரி இரிக்கி."

அவ்வளவுதான். இருபது பேரும் ஒன்றாகப் பின்னுக்குப் போனார்கள்.

"உங்களுக்கெல்லாம் வெக்கமில்லையாடா?" என்று எழுந்தேன். "நான் போறன் உள்ளுக்கு. தனி ஆளாக் கடலுக்கே போனவன்." (நான் கடலுக்குப் போனதில்லை. கரையில் நின்று மீன் வாங்கியவன்.)

பலகையில் படுத்தேன். தலை அசையாமல் இரண்டு பக்கமும் பஞ்சு வைத்தார்கள். குளிரும் என்று வெள்ளைத் துணியால் கழுத்து வரை போர்த்தினார்கள். அலுமாரியில் கிடந்த துணி போல, கற்பூர வாசம் அடித்தது. அந்த வாசத்தை நான் மையித்து கிடத்திய சாவு வீடுகளில் மட்டுமே முகர்ந்திருக்கிறேன். கையில் ஒரு பட்டனைத் தந்து, 'நான்' என்பதற்கு ஒரு தடவையும் 'நாங்கள்' என்பதற்கு இரண்டு தடவையும் அமத்தினால் போதும், வாய் திறக்க வேண்டாம் என்றாள் தாரணி. பலகை உள்ளே போனது.

டக். டக். டக்.

இயந்திரச் சத்தம் என்று புத்திக்குத் தெரியும். காதுக்கோ அது மண்வெட்டிச் சத்தம். பிறகு ஒரு ஆண் குரல், ஊர்ப் பேச்சு இல்லாத சுத்தத் தமிழில்: "பெரிய முடிவொன்றை எடுக்கும்போது முதலில் யாருடைய விருப்பத்தைப் பார்ப்பீர்கள்?"

"என்ட விருப்பத்த!" என்று கத்தினேன். வெளியே சிரிப்புக் கேட்டது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெம்பு தந்தது. நாலு கேள்விக்கும் அப்படியே கத்தினேன்.

அப்போது கரண்ட் போனது.

மண்வெட்டிச் சத்தம் நின்றது. மின்விசிறிகளும் நின்றன. கண்ணுக்கு முன்னால் ஒரு விரற்கடை தூரத்தில் இருந்த வெள்ளை, கறுப்பாகிவிட்டது. வெளியே செருப்புச் சத்தம், கூட்டமாக, என்னை விட்டுத் தூரப் போனது. (ஜன்னல் திறக்கப் போனார்களாம். பிறகுதான் தெரியும்.) அடக்கிவிட்டுத் திரும்புகிறவர்களின் காலடி மையித்துக்குக் கேட்கும் என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்தார்கள். அது எப்படிக் கேட்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. வியர்வை காதுக்குள் ஓடியது. கையைத் தூக்கினேன், குழாயில் முட்டியது.

தலைமாட்டில் ஒரு குரல் கேட்டது. மெதுவான குரல், மிகவும் பக்கத்தில்.

"மகளிடம் கேட்டாயா?"

நான் முதலில் கலிமாவைச் சொன்னேன். பிறகு, கபுறில் மலக்குகள் வந்து கேட்பார்கள் என்று ஓதிக்கொடுத்தபடி, என் இறைவன் யார், நபி யார் என்று எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். குரல் காத்துக்கொண்டிருந்தது. அந்தக் காத்திருப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கேக்கல்ல!" என்று அலறினேன். "நஸ்ரின்ட்ட நான் ஒரு வார்த்தையும் கேக்கல்ல! ஓம் எண்டா எண்டு மில் ஹாஜியார்ட்டப் பொய் சொன்னன்! யா அல்லாஹ், என்ன மன்னிச்சிரு!"

குழாயின் வாய் மண்டபத்தைப் பார்த்து இருந்தது. கூத்துக்குக் கட்டிய ஒலிபெருக்கி மாதிரி என் சத்தம் தெரு வரை போயிருக்கிறது.

காலைப் பிடித்து இழுத்தார்கள். நான் வந்தேன், இடுப்பில் கட்டியிருந்த சாரம் வரவில்லை. வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். அதைப் பார்த்து இரண்டு பொடியன்கள் வாசலுக்கு ஓடினார்கள்.

மில் ஹாஜியார் என்னைப் பார்க்கவே இல்லை. நேரே நஸ்ரினிடம் போனார்.

"மகள், ஒருத்தரும் ஒன்ட்டக் கேக்கல்லயா?"

"இல்ல மாமா."

"இப்ப நான் கேக்கிறன். விருப்பமா?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வெள்ளைத் துணிக்குள் இருக்கும் வாப்பாவைப் பார்த்துப் பயந்துபோய் இருந்தாள்.

"உங்கட மகன் நல்லவர் மாமா. ஆனா எனக்கு விருப்பமில்ல. படிப்ப முடிக்கணும்."

"அல்ஹம்துலில்லாஹ். நிகாஹ்வுக்கு மறுகா தெரிஞ்சிரிந்தா என்ட புள்ளைட கதி என்ன?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஹாஜியார், ஒரு மீன் வாங்குறவனும் செவுளத் தூக்கிப் பாத்துத்தான் வாங்குவான். நான் உங்கட வாய நம்பிட்டன்."

இருபது பேரும் அதன்பிறகு ஒருவர் பின் ஒருவராகக் குழாய்க்குள் போய்வந்தார்கள். என்னைப் பார்த்த பிறகு அவர்களுக்கு வேறு எதுவும் பயமாகத் தெரியவில்லையாம்.

என் சாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு தாரணியிடம் கேட்டேன். "புள்ள, அந்த அஞ்சாவது கேள்விய ஏன் வெச்ச?"

"நாலு கேள்விதான் ஹாஜியார்."

"மகளைப் பத்தின கேள்வி?"

அவள் பதிவை முழுதாகப் போட்டுக் காட்டினாள். நாலு கேள்வி. அதற்குப் பிறகு டக் டக் மட்டும்தான். "அதோட, கரண்ட் இல்லாம இது எப்படிக் கதைக்கும்?" என்றாள். என் மூளையையும் படம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். வயது கூடிவிட்டது என்று சொல்லிவிட்டாள்.

வீட்டில் நஸ்ரினைப் பிடித்தேன். "உண்மையச் சொல்லு, நீதானே கேட்ட?"

"நான் கேட்டிருந்தா 'வாப்பா' எண்டு கூப்பிட்டிருப்பேனே."

அது சரி. யோசித்துப் பார்த்தால், 'கேட்டாயா' என்று என்னை 'நீ' போட்டுக் கேட்கக்கூடியவர்கள் யாரும் இந்த ஊரில் இப்போது உயிரோடு இல்லை.

மூன்று வருடமாகிறது. நஸ்ரின் படிப்பை முடித்துவிட்டாள். வந்த இரண்டு சம்பந்தத்தையும் வேண்டாம் என்றாள், அதையும் நான் கேட்டுத்தான் சொன்னாள். இப்போதும் வீட்டில் "நான் முடிவெடுத்துட்டன்" என்று வாயைத் திறந்தால், கறிக்குப் பாரை மீனா சூரை மீனா என்பதற்காக இருந்தாலும், சுபைதா அகப்பையால் மேசையில் மூன்று தடவை தட்டுவாள். டக், டக், டக். வீடே சிரிக்கும். நானும்தான் சிரிப்பேன்.

சிரிப்பு அடங்கியதும் ஒரு சின்ன அமைதி வரும். அவர்கள் சாப்பிடத் தொடங்கிவிடுவார்கள். நான் மட்டும் சோற்றில் கை வைக்காமல், அந்தக் குரலுக்குக் காதைக் கொடுத்தபடி கொஞ்ச நேரம் இருப்பேன்.