பதினோரு கம்ப்யூட்டரும் ஒரு சாமிக் கூடையும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரே காலையில் பதினோரு கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுத்தவன் நான். ஒன்று எடுக்கத்தான் உட்கார்ந்தேன். மீதிப் பத்தும் என் ஆள்காட்டி விரல் தன்னிச்சையாகச் செய்த காரியம்.

மாரமங்கலத்துக்கு மேலே எங்களுக்கு இரண்டு ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. நான் பக்கத்து எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் வருகை எழுதுவது, வேலை பிரித்துக் கொடுப்பது என் பாடு. எங்கள் தோட்டத்தைப் பார்ப்பது மனைவி ஜோதி. (இதில் யாருக்கு வேலை அதிகம் என்று ஜோதியிடம் கேட்டுவிடாதீர்கள்.) ஜோதிக்கு ஒரே ஒரு ஆசைதான். மோட்டார் வைத்த பல்பர் வாங்க வேண்டும். காபிப் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைத் தனியாக்குகிற இயந்திரம் அது. அது இல்லாததால் பழத்தை அப்படியே வியாபாரியிடம், அவர் வாய்க்கு வந்த விலைக்குக் கொட்டிக்கொண்டிருந்தோம். மூன்று வருடமாகச் சேர்த்திருந்தாள். சேலத்துக் கடைக்காரர் திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் பழைய விலைக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பணம் எங்கள் இருவர் பெயரிலும் பேங்க்கில் இருந்தது.

சேலம் போக லீவு போட்டிருந்த அந்தத் திங்கட்கிழமைக் காலையில் பார்த்துத்தான் எனக்கு மூளை வேலை செய்தது.

ஒரு வாரமாக நான் ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு சொன்னார்: விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரை நாம் வாங்க வேண்டியதில்லை. எங்கோ வெளிநாட்டுக் கட்டடத்தில் இருக்கும் ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, அதில் ஒரு புரோகிராமை ஏற்றி ஓடவிட்டால் போதும். அது யாருக்கோ கணக்குப் போட்டுக் கொடுக்கும். கூலியாக நமக்குக் கிரிப்டோ நாணயம் விழும். ஒரே நிபந்தனை, ஏழு நாள் நிற்காமல் ஓட வேண்டும். சேலம் போவதற்குள் ஓடவிட்டுவிட்டால், அடுத்த வாரம் பல்பரோடு மோட்டாரும் உயர் ரகமாக வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். ஜோதியிடம் சொல்லவில்லை. ஆச்சரியப்படுத்த நினைத்தேன். (அந்த ஒன்றில் மட்டும் வெற்றி.)

எங்கள் பக்கத்தில் சிக்னல் தரைக்கு இறங்காது, மரத்தில்தான் குடியிருக்கும். அதனால் ஜோதியின் பழைய டச் போனை ஒரு துண்டில் சுற்றி, பவர் பேங்க்கோடு பச்சை ஒயர் கூடையில் வைத்து, எஸ்டேட் எல்லையில் இருந்த உயரமான சில்வர் ஓக் கிளையில் கயிறு போட்டு ஏற்றிவிடுவேன். மேலேயிருந்து அது இணையத்தை வாங்கி வீட்டு லேப்டாப்புக்குக் கொடுக்கும். பேங்க்குக்குக் கொடுத்த நம்பரும் அந்தப் போனில்தான் இருந்தது. வாடகைக் கம்பெனிக்கும் அதே நம்பரைக் கொடுத்தேன்.

எட்டு மணிக்கு எல்லாம் தயார். 'தொடங்கு' என்ற பட்டனை அழுத்தினேன். ஒரு வட்டம் சுற்றியது. மலையில் மூடுபனி இறங்கியிருந்தால் இணையம் நகராது என்பது இங்கே பால்காரருக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் மறந்துவிட்டது. மறுபடி அழுத்தினேன். வட்டம் சுற்றியது. காபி குடித்துவிட்டு வந்து அழுத்தினேன். கோபத்தில் ஏழெட்டு முறை சேர்த்து அழுத்தினேன். பஸ் வராவிட்டால் ரோட்டையே எட்டி எட்டிப் பார்ப்போமே, அந்தப் புத்திதான்.

பத்து மணிக்குப் பனி விலகியது. பக்கம் திறந்தது. திரையில் பதினோரு வரிசை, பதினோரு பச்சைப் புள்ளி. என் ஒவ்வொரு அழுத்தலையும் அந்தக் கம்பெனி மரியாதையாக ஏற்றுக்கொண்டு அழுத்தலுக்கொரு கம்ப்யூட்டரை ஓடவிட்டிருந்தது. எதிலும் வேலை செய்கிற புரோகிராம் இல்லை. எல்லாம் சும்மா நின்றபடி வாடகை ஏற்றிக்கொண்டிருந்தன. இருப்புக் குறைந்தால் பேங்க்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளலாமா என்று கம்பெனி கேட்டதும், தாராளமாக என்று நான் டிக் அடித்ததும் அப்போது ஞாபகம் வந்தது. சாயங்காலத்துக்குள் பல்பர் கரைந்துவிடும்.

முதல் வரிசையை நிறுத்தக் கையைக் கொண்டுபோனேன். இணையம் போய்விட்டது.

வெளியே ஓடினேன். சில்வர் ஓக் மொட்டைக் கம்பமாக நின்றது. கிளையும் இல்லை, கூடையும் இல்லை. மழைக்கு முன்னால் நிழல் மரங்களுக்குக் கிளை கழிக்கிற பருவம் அது. எந்தெந்த மரம் என்று போன வாரம் சுண்ணாம்புக் குறி போட்டவர் எஸ்டேட் ரைட்டர். ரைட்டர் யார் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

மரத்தடியில் கிளை கழிக்கும் கந்தசாமி அரிவாளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கந்தசாமி, இந்த மரத்துல ஒரு கூடை தொங்குச்சே?"

"ஆமாங்க ரைட்டரே. யாரோ வேண்டுதலுக்குக் கட்டுனதுன்னு நெனச்சேனுங்க. தொடவே இல்லீங்க. கொப்போட அப்பிடியே எறக்கிட்டேன்."

"எங்கே அது?"

"சாமி பொருளை மண்ணுல போடக்கூடாதுங்களே. வெறகு லாரி மேலயே வெச்சு, கீழ போறப்ப ஏதாவது கோயில் மரத்துல கட்டீருன்னு லோடுமேன்கிட்டச் சொல்லி அனுப்பிச்சுட்டேனுங்க. குப்பனூர் வழியாத்தான் போறாங்க."

ஒரு மனிதர் பக்தியோடு நடந்துகொண்டதற்காக நான் திட்ட நினைத்தது அன்று ஒருநாள்தான்.

குப்பனூர் பஸ் ரோட்டில் ஹாரன் அடித்தது. ஓடினேன். சேலம் போக என்று நல்ல புடவை கட்டித் தயாராகியிருந்த ஜோதியும் பின்னாலேயே வந்து ஏறிவிட்டாள்.

"ஏனுங்க, மதியானம் போலாம்னுதானே சொன்னீங்க? எதுக்கு இப்பிடி நாய் தொரத்துன மாதிரி ஓடி வரீங்க?"

"போன் லாரியில போயிருச்சு."

"அந்த ஓட்டைப் போனுக்கா? போனாப் போகுது உடுங்க."

நான் ஜன்னல் வழியாக லாரியைத் தேடினேன். பஸ் ஒவ்வொரு வளைவிலும் நின்று, யோசித்து, திரும்பியது. என் கடிகாரத்தில் முள் ஓடவில்லை, ஜோதியின் மூன்று வருடம் ஓடிக்கொண்டிருந்தது.

நாலைந்து வளைவு இறங்கியதும் என் போனில் சிக்னல் வந்தது. வாடகைக் கம்பெனிக்குள் நுழையப் பார்த்தேன். 'உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம்' என்றது. அந்த எண் விறகுக் கட்டின் உச்சியில் உட்கார்ந்து முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஜோதியின் பட்டன் போனை வாங்கி அந்த நம்பருக்கு அடித்தேன். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். ஆறாவது தடவை ஒரு நடுங்கிய குரல் கேட்டது.

"யாருங்க சாமி?"

"சாமி இல்லீங்க, அந்தப் போன் எங்களுது."

"அப்பிடீங்களா. கூடைக்குள்ள மணி அடிக்கவும் எனக்குக் கையுங் காலும் ஓடலீங்க. கும்புட்டுட்டு இப்பத்தான் தொறந்தேன்."

"நொம்ப நல்லதுங்க. அதுல ஒரு மெசேஜ் வந்திருக்கும். ஆறு நம்பர். அதை மட்டும் படிச்சுச் சொல்லுங்க."

எதிர்முனையில் குரல் மாறியது.

"ஓடிபிங்களா?"

"ஆமாங்க."

"அதைச் சொல்ல மாட்டேனுங்க. யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு டிவில தெனமுஞ் சொல்றாங்க. எங்க மச்சான் இப்பிடித்தான் சொல்லிப் பணத்தை உட்டான். நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. நான் ஏமாற மாட்டேனுங்க."

வைத்துவிட்டார். நாட்டில் அந்த எச்சரிக்கையைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே மனிதர் அந்த லாரியில்தான் இருக்க வேண்டும் என்பது என் ஜாதகம்.

ஜோதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன ஓடிபிங்க?"

சொன்னேன். முதலில் மெல்லத்தான் சொன்னேன். பஸ் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னபோது பஸ் ஒரு வளைவில் நின்றுவிட்டது. பதினோரு கம்ப்யூட்டர், பல்பர் பணம் என்பது மட்டும் கடைசி சீட் வரைக்கும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜோதி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் மட்டும் சின்னதாகிப் போயிற்று. அதைப் பார்த்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அவள் பட்டன் போனை என் கையிலிருந்து வாங்கி அடித்தாள்.

"அண்ணா, அந்தப் போன் என்னுதுங்க. நம்பாட்டி அதுல இருக்கற படத்தைப் பாருங்க. சேர்வராயன் கோயில் முன்னால நானும் எங்க ஊட்டுக்காரரும் நிக்கிறோம். நான் மஞ்சப் பொடவை. அவரு கண்ணை மூடீட்டு நிப்பாரு."

லாரி இரைச்சலுக்கு நடுவே அவர் போனைத் தட்டுவது கேட்டது.

"ஆமாங்கம்மா, மூடீட்டுத்தான் நிக்கிறாரு."

"அவருதானுங்க அண்ணா பணத்தைத் தொலைச்சுட்டு இருக்கறாரு. நம்பரைச் சொல்லுங்க."

"பாத்தா பணத்தைத் தொலைக்கற ஆளு மாதிரிதான் இருக்குதுங்க," என்றுவிட்டு அவர் எண்ணைப் படித்தார். அதற்குள் அந்த எண் காலாவதியாகியிருந்தது. இன்னொன்று வரவழைத்தேன். அவர் பாதி படிக்கும்போது வளைவு வந்து குரல் அறுந்தது. மூன்றாவது எண்ணை என் விரல் இரண்டு முறை தப்பாக அடித்தது. (காலையில் தானே பதினோரு முறை சரியாக அடித்த அதே விரல்.) கடைசியில் கதவு திறந்தது. பதினோரு பச்சைப் புள்ளி.

ஒவ்வொன்றாக நிறுத்தினேன். ஒவ்வொன்றுக்கும் 'நிச்சயமாகவா? கட்டிய வாடகை திரும்பக் கிடைக்காது' என்று கேட்டது. நிச்சயம், நிச்சயம் என்று அழுத்திக்கொண்டே வந்தேன். இந்த முறை ஒவ்வொரு அழுத்தலுக்கும் வட்டம் சுற்றி முடியும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். முன் சீட்டில் ஒரு அம்மா, "இன்னும் எத்தனைங்க தம்பி?" என்று கேட்டுப் பின்னால் இருந்தவர்களுக்கு அறிவித்துக்கொண்டிருந்தார்.

பத்து நின்றது. பதினோராவதில் என் விரல் தயங்கியது. ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் என்ன? புரோகிராமை ஏற்றிவிட்டால் ஏழே நாள். போன பணமாவது திரும்பி வருமே. இந்த நினைப்பு எனக்கு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஜோதி கையை நீட்டி, என் விரலை விலக்கிவிட்டு, தானே அழுத்தினாள்.

குப்பனூரில் லாரி டீக்கடையோரம் எங்களுக்காக நின்றது. லோடுமேன் கூடையை இரண்டு கையாலும் கொண்டுவந்து ஜோதியிடம் கொடுத்தார். உள்ளே போன் மேல் ஒரு செம்பருத்திப் பூ இருந்தது. என்னைப் பார்த்து, "கண்ணைத் தொறந்தா வேற ஆளு மாதிரி இருக்கறீங்க" என்றார்.

பேங்க்கில் மிச்சமிருந்த பணத்துக்கு மோட்டார் பல்பர் வரவில்லை. ஜோதி சேலத்துக் கடையில் கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். பிறகு, கையால் சுற்றுகிற பல்பர் ஒன்றைக் காட்டி, அதைக் கட்டச் சொன்னாள். சுற்றுவதற்கு யார் என்று கடைக்காரர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பழப் பருவத்திலும் எஸ்டேட் வேலை முடிந்து வந்து அந்தக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. யாராவது சொந்தக்காரர்கள் வந்து, "ஏம்மா ஜோதி, மோட்டார் ஒண்ணு வாங்கி மாட்டிக்கலாமே" என்று பரிதாபப்பட்டால் அவள் முறத்திலிருந்து தலைகூட நிமிர்த்த மாட்டாள்.

"எதுக்குங்க? இந்த மிஷினுக்கு வாடகையும் இல்ல, ஓடிபியும் வேண்டாம். ஏழு நாளும் நிக்காம ஓடுது."