ஆமாங்கத்தை

மாமியார் கேட்டது மோர். முத்துமாரி கொண்டுவந்து வைத்தது சோறு. பிச்சையம்மாள் தட்டைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். கல்யாணமான நாலு மாதத்தில் இப்படிப் பார்த்துப் பார்த்தே அவளுக்குக் கண் வலித்தது.

முத்துமாரிக்குப் பதினாறு வயதில் காது மங்கத் தொடங்கியது. முதலில் கொலுசுச் சத்தம் போனது, அப்புறம் குயில். பத்தொன்பதில் மனிதர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு ஆவணியில் வல்லத்திராக்கோட்டையில் கட்டிக்கொடுத்தபோது பெண்வீட்டார் மாடு கன்று வரை எல்லாம் சொன்னார்கள். காதை மட்டும் மறந்துபோனார்கள். மூத்த மருமகள் செவந்திக்கு விஷக்காய்ச்சலில் ஏற்கெனவே காது போயிருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு செவிடு போதும் என்பது பிச்சையம்மாளின் கட்சி. தெரிந்தால் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

எனவே முத்துமாரி மாமியாரின் வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ள முயன்றாள். அந்த வாயில் எப்போதும் வெற்றிலை இருந்ததால் படிப்பு ஏறவில்லை. ஏன் முழுங்குற மாதிரி பார்க்கிறாய் என்று திட்டு விழுந்ததுதான் மிச்சம். பிறகு, எதற்கும் "ஆமாங்கத்தை" என்று தலையாட்டிவிடுவதென்று முடிவெடுத்தாள். இப்படியொரு பணிவான மருமகளா என்று தெருவே மெச்சியது.

அந்தப் பெருமையைக் காட்டத்தான் கீரனூர்ச் சொந்தக்காரர்கள் வந்தபோது பிச்சையம்மாள் அவளைக் கூப்பிட்டாள்.

"நீயே சொல்லு தாயி, நான் ஒன்னயப் பட்டினி போடுறேனா?"

"ஆமாங்கத்தை."

"கொடுமைப்படுத்துறேனா?"

முத்துமாரி இன்னும் பணிவாக, சிரித்த முகத்தோடு, "ஆமாங்கத்தை" என்றாள்.

விருந்தாளிகள் காப்பியைத் தொடாமலே பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். பிறகு நடந்த விசாரணையில், பின்னால் நின்று அண்டாவைத் தட்டிப் பார்த்தார்கள். முத்துமாரி திரும்பவில்லை. மூட்டையைக் கட்டச் சொன்னாள் பிச்சையம்மாள். பெண்டாட்டி போனால் தானும் போவதாக இளைய மகன் உடையப்பன் முதல்முறையாக வாயைத் திறந்தான். அறுப்பு நேரத்தில் நாலு கை குறைவது பிச்சையம்மாளுக்குக் கட்டுப்படியாகவில்லை. இருந்து தொலையட்டும் என்று விட்டாள். கேட்காத காதில் திட்டி என்ன பலன் என்று திட்டையும் விட்டாள்.

மறுநாள் கிணற்றடியில் முத்துமாரி செவந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் காதைத் தொட்டு, அவள் காதையும் தொட்டு, இருவருக்கும் ஒரே கதி என்பதுபோல் கண்கலங்கச் சிரித்தாள்.

செவந்தி அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தாள். பிறகு நேருக்கு நேர் நின்று, வாயை நன்றாகத் திறந்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்:

"அடியே, அப்ப ஒனக்கு நெசமாவே கேக்காதா?"