ராணி போனால் தடுமாறுவாள்

மூன்று நிமிட செஸ்ஸில் என் மனைவி தேவயானியை ஒரு முறையாவது தோற்கடித்தே தீருவது என்று ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தீர்மானம் செய்தேன். வாய் நிறைய நுரையோடு எடுத்த தீர்மானம். கடைசியில் மிஞ்சியதும் அந்த நுரைதான்.

நான் வேதகிரி. உத்திரமேரூர் பஜாரில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். செஸ் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழைய பேப்பர்காரரிடம் வாங்கிய ஒரு புத்தகத்தைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். அதில் முதல் பத்துப் பக்கம் கிழிந்திருந்தது. அதனால் என் ஆட்டத்தில் ஆரம்பம் மட்டும் இன்றுவரை சரியாக அமைவதில்லை.

ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது, எதிரில் உட்கார ஓர் ஆள் வேண்டுமே என்று தேவயானிக்குச் சொல்லித் தந்தேன். பலகையில் ஆடிய வரைக்கும் நான்தான் ஜெயித்தேன். பிறகு எங்கள் மகள் ஹேமாவதி இரண்டு பேர் போனிலும் செஸ் ஆப் ஏற்றிக் கொடுத்துவிட்டாள். ஆளுக்கு மூன்று நிமிடம். நேரம் தீர்ந்தாலும் தோல்வி. அன்றோடு என் ஆட்சி முடிந்தது.

தேவயானி போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. அவள் கணக்கு இன்னும் அந்த ஆப்பில் இருக்கிறது. அவளுடைய பழைய ஆட்டங்களை எடுத்து ஓட விட்டுப் பார்ப்பேன். எப்படித் தோற்றேன் என்பது ஆடியபோது புரியவில்லை. நிதானமாகப் பார்க்கும்போதும் புரியவில்லை.

தேவயானி ஜாக்கெட் தைப்பாள். தையல் மெஷினில் நூல்கண்டு டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்திருப்பாள். கால் மெஷினில், கண் துணியில், ஒரு விரல் மட்டும் அவ்வப்போது போனில். எதிராளி எந்த நாட்டிலோ தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பான். இவள் இங்கே ஊக்கு தைத்துக்கொண்டிருப்பாள்.

"யோசிக்காம எப்படி ஆடற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"துணியில கத்தரி வெக்கறதுக்கு முன்னாடி யோசிக்கணும். வெச்சப்பறம் வெட்டிக்கினே போவணும். நீ வெட்டிக்கினே யோசிக்கற. அதான் உனக்குக் கோணிக்குது."

அவள் ஆட்டத்தில் என்னை மலைக்க வைத்தது இன்னொன்று. எதிராளி காயைத் தொடுவதற்கு முன்பே தன் அடுத்த நகர்வைப் போட்டு வைத்துவிடுவாள்; ஆப்பில் அதற்கு வழி உண்டு. அவன் வைத்த நொடியில் இவள் பதில் விழும். நான் கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் வருவது எங்கள் வீட்டில் பழக்கம்தான். அதை ஓர் ஆட்டமுறையாக உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

இனி என் தீர்மானத்துக்குக் காரணம். பழையசீவரத்தில் இருக்கும் அவள் தம்பி தணிகைவேலுக்கும் எனக்கும் அப்போது நாலு வருடமாகப் பேச்சு இல்லாமல் இருந்தது. அவன் மகளின் காதுகுத்துக்குப் பெரிய பேனர் வைத்தான். சொந்தக்காரர்கள் எல்லார் படமும் அதில் இருந்தது. என் படம் கடைசி வரிசை. கட்டும்போது பேனர் நீளம் அதிகம் என்று அடியில் மடித்துக் கட்டிவிட்டார்கள். மடிப்புக்குள் நான், தலைகீழாக. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர்கூட மேலே சிரித்துக்கொண்டிருந்தார். நான் பந்தியில் உட்காராமல் வந்துவிட்டேன். சாப்பிடாமல் போனவர்தான் முதலில் பேச வேண்டும் என்று அவன் சொன்னான். மடித்தவன்தான் முதலில் பேச வேண்டும் என்று நான் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் அவன் புது வீடு கட்டி முடித்தான்.

"தணிகை வர்ற மாசம் பால் காய்ச்சறான்" என்றாள் தேவயானி.

"காய்ச்சட்டும். பொங்கினா ஊதச் சொல்லு."

"போவலாமா?"

"அவன் மொதல்ல பேசட்டும்."

"பத்திரிகை வந்து கீதே."

"பத்திரிகைக்கு வாய் இருக்குதா?"

மெஷின் நின்றது. அது நின்றால் வீட்டில் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

"எனக்குன்னு கீறது ஒரே தம்பி. தட்டு எடுத்துக்கினு நான் மட்டும் தனியாப் போய் நின்னா, எங்க உன் வூட்டுக்காரருன்னு ஊரே கேக்கும். இன்னா சொல்லட்டும்? பேனர்ல மடிஞ்சி கீறாருன்னு சொல்லட்டா?"

பதில் சொல்ல முடியாத மனிதன் தந்திரத்தில் இறங்குவான். நானும் இறங்கினேன்.

அந்த ஆப்பில் யாருடைய ஆட்டத்தையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். ஆராய்ந்து அறிக்கை தரும் வசதியும் உண்டு. கடையில் உட்கார்ந்து தேவயானியின் கணக்கைக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் வந்ததை போனே தமிழாக்கிக் கொடுத்தது.

ஆட்ட பாணி: 'இவர் எதிரியின் கடிகாரத்தை உண்கிறார்.'

பலம்: 'குதிரைகளுடன் நல்ல உறவில் உள்ளார். இறக்கும் வரை இறப்பதில்லை.'

மேம்படுத்த வேண்டியவை: 'ராணிகள் வெளியேறிய பின் தடுமாறுகிறார். அண்மைத் தோல்விகள் அனைத்தும் இவ்வாறு.'

கடைசி வரியை எழுந்து நின்று படித்தேன். தேவயானியிடம் மேம்படுத்த வேண்டியது ஒன்று இருக்கிறது என்று எழுத்தில் பார்த்தது அன்றுதான்.

அந்தத் தோல்விகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் ஒரே ஆளிடம். பெயர் ராயல் டைகர். இரண்டு வாரமாக தினமும் அவளைத் தோற்கடித்திருந்தார். முறை மிக எளிது. ஆரம்பத்திலேயே ராணிக்கு ராணி கொடுத்து வாங்கிவிடுவார். பிறகு அவசரப்படாமல் சிப்பாய்களை நகர்த்துவார். தேவயானி கண்ணைக் கட்டி விட்டது போல் அலைவாள்.

நான் அசந்துபோனேன். ராயல் டைகர் யாராக இருக்கும்? பெங்களூரில் கண்ணாடி போட்ட இன்ஜினியர் என்று நினைத்தேன். குறைந்தபட்சம் ஒரு பேராசிரியர். அவர் மற்றவர்களோடு ஆடிய ஆட்டங்களையும் பார்த்தேன். பெரும்பாலும் தோற்றிருந்தார். பெரிய மனிதர்கள் அப்படித்தான், பிறருக்கு விட்டுக்கொடுப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். மனசு தாங்காமல் அவருக்கு ஒரு செய்தியும் எழுதினேன். ஆப்பில் என் பெயர் மின்னல். மகள் கேலியாக வைத்தது.

'வணக்கம் ஐயா. தங்கள் ஆட்டம் கண்டு வியந்தேன். தங்களை மானசீக குருவாக ஏற்கிறேன்.' கூடவே ஒரு கும்பிடு.

ஒரு கட்டைவிரல் பதிலாக வந்தது. அன்று முழுக்க எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை.

மாலை வீட்டுக்குப் போனதும் நானே ஆரம்பித்தேன்.

"தேவயானி, ஒரே ஒரு ஆட்டம். நான் ஜெயிச்சா கிரகப்பிரவேசப் பேச்சையே நீ எடுக்கக் கூடாது."

"நான் ஜெயிச்சா?"

"நானே வரேன். தட்டையும் நானே தூக்கிக்கினு வரேன். மொதல் வார்த்தை நானே பேசறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?"

"பயந்தா சொல்லிடு."

"எப்ப ஆடணும்?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

ஞாயிற்றுக்கிழமை குளித்து, விபூதி பூசி, பாய் விரித்து, போனை முழு சார்ஜில் வைத்து உட்கார்ந்தேன். குருவை மனசில் நினைத்துக்கொண்டேன். தேவயானி மெஷினில் இருந்தாள். அடுத்த வீட்டு அம்முலு பக்கத்தில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"அந்த ஜாக்கெட்டை முடிச்சிட்டு வா. நான் காத்துக்கினு கீறேன்" என்றேன் பெருந்தன்மையாக.

"அது எதுக்கு? கை மட்டும்தான் பாக்கி. ஆடிக்கினே வெச்சிடறேன். ஆரம்பி."

ஆரம்பித்தேன்.

"யக்கா, எனக்கு சாயங்காலம் கல்யாணத்துக்குப் போவணும்" என்றாள் அம்முலு.

"போவலாம். கை லூசா வேணுமா, டைட்டா வேணுமா?"

"போன தபா டைட்டாப் பூட்ச்சி. கைய தூக்கி யாரையும் கும்பிட முடில."

"அதான் உன் மாமியா கோச்சிக்கினாளா?"

"அது எப்பவும் கோச்சிக்கினுதான் கீது."

இதற்கு நடுவில் நான் ராணியை நீட்டினேன். அவள் வெட்டினாள். நான் வெட்டினேன். இரண்டு ராணிகளும் வெளியே. இனி அவள் தடுமாறுவாள். அறிக்கை அப்படித்தான் சொன்னது.

"ராணிய மாத்திட்டியா?" என்றாள் தலையைத் தூக்காமல். "நல்லதாப் போச்சி. அது இருந்தா நாலு பக்கமும் பாக்கணும், பேஜாரு. அம்முலு, அந்தப் பச்ச நூலை எடு."

பயத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன். குருவைப் போலவே அவசரப்படாமல் ஒரு சிப்பாயை நகர்த்தினேன். பதில் உடனே விழுந்தது. இன்னொன்று. அதற்கும் பதில். அவளுடைய குதிரை ஒன்று என் வீட்டுக்குள் வந்து நின்றுகொண்டது. எந்தக் காயை எங்கே வைக்கப் பார்த்தாலும் அதன் காலடி. அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் என் நேரம் கரைந்தது. அவள் நேரம் அப்படியே இருந்தது.

ஒரு கட்டத்தில் என் யானையை இடது பக்கம் தள்ளுவதா, வலது பக்கம் தள்ளுவதா என்று தவித்தேன். எனக்கே தெரியாது. அவள் விரல் போனைத் தொட்டுவிட்டு ஊசிக்குப் போய்விட்டது. நான் இடது பக்கம் தள்ளினேன். அவள் போட்டு வைத்த பதில் அந்த நொடியில் விழுந்து யானையைத் தின்றது. நான் எந்தப் பக்கம் தள்ளுவேன் என்று எனக்கு முன்பே தெரிந்த ஒரே ஆள் அவள்தான். தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்பதையும் மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேரம் போவுதுய்யா, போனைப் பாரு" என்றாள்.

பார்த்தேன். அவளுடைய சிப்பாய் ஒன்று ஓடிவந்து என் கடைசிக் கட்டத்தை மிதித்து ராணியானது. நான் பாடுபட்டு வெளியேற்றிய ராணி புதிதாகத் திரும்பி வந்துவிட்டாள். தேவயானி பல்லால் நூலைக் கடித்துத் துண்டித்தாள். என் ராஜாவுக்குப் போக இடமில்லை.

"அம்முலு, மாட்டிப் பாரு" என்று ஜாக்கெட்டை நீட்டினாள்.

"இன்னாண்ணா, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?" என்று அம்முலு என்னைக் கேட்டாள்.

"வெயிலு" என்றேன்.

கிரகப்பிரவேசத்தன்று தட்டை நானே தூக்கிக்கொண்டு போனேன். பழையசீவரத்தில் புது வீட்டு வாசலில் பந்தல். அதன் அடியில் தணிகைவேல். தேவயானி பக்கத்தில் எதுவும் தெரியாதவள் போல் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நாலு வருட வீம்பை விழுங்கி, தொண்டையைச் செருமி, "இன்னா மச்சான்" என்றேன்.

அதே நேரத்தில், "வா மாமா" என்றான் அவன்.

யார் முதலில் பேசினார்கள் என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது. தேவயானி பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போனாள். தம்பி வீட்டு வாசலை அவள் நாலு வருடத்துக்குப் பிறகு மிதித்தாள். பந்தியில் அவளே பரிமாறினாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

தணிகைவேல் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தான்.

"நீயா பேசுவேன்னு நான் நெனைக்கல மச்சான்" என்றேன்.

"நானா எங்க பேசினேன்? தோத்துட்டேன் மாமா."

"யார்கிட்ட?"

அவன் முகவாயால் காட்டினான். அந்தப் பக்கம் தேவயானி யாருக்கோ வடை வைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு செஸ் கத்துக்கொடுத்ததே அக்காதான், போன்லயே. ரெண்டு வாரமா எங்கிட்ட டெய்லி தோத்துக்கினே இருந்துச்சி. ராணிய மாத்தினாப் போதும், சுருண்டுக்கும். அப்பறம் ஒரு நாளு, பந்தயம் வெச்சிக்கலாமாடான்னு கேட்டுச்சி. நான் தோத்தா வாசல்ல நின்னு உன்னை மொதல்ல கூப்புடணும். அது தோத்தா உன் பேச்சையே எடுக்காது. ஈசிதானேன்னு ஒத்துக்கினேன். அன்னிக்கும் ராணிய மாத்தினேன் மாமா. பொரட்டி எடுத்துடுச்சி."

என் கையில் இருந்த சோறு வாய்க்குப் போகவில்லை.

"ஆப்புல உன் பேரு இன்னா மச்சான்?"

"ராயல் டைகர். நல்லாக் கீதா?"

குருவை நான் அதுவரை நேரில் தரிசித்ததில்லை. வாயோரம் சாம்பாரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இதப் பாரேன்" என்று இடது கையால் போனை எடுத்துக் காட்டினான். "மின்னல்னு ஒரு ஆளு. என்னைப் போயி குருன்னு கும்பிட்டு எழுதி கீறான். யாரோ நல்லாப் படிச்ச மனுஷன் போல."

"இருக்கும்" என்றேன். "இன்னொரு வடை வெக்கச் சொல்லு."

மாலையில் டிவிஎஸ் ஐம்பதில் திரும்பினோம். பாலாறு தாண்டினோம். பின்னால் உட்கார்ந்திருந்தவளை நினைக்க நினைக்கப் பிரமிப்பாக இருந்தது. ஒரே வலையில் இரண்டு ஆம்பிளைகள். இரண்டு பேரும் தங்கள் புத்தியால்தான் உள்ளே போனோம் என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறோம்.

"ஒண்ணு கேக்கட்டா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

"ரெண்டு வாரம் வேணும்னே தோத்தியே, அது தணிகைக்காகவா?"

"ஆமா. அவன் உஷாரு. சும்மாக் கூப்பிட்டா பந்தயத்துக்கு வரமாட்டான்."

தம்பிக்கே இரண்டு வாரம் என்றால், இத்தனை வருடம் குடித்தனம் பண்ணிய எனக்கு எவ்வளவு பெரிய திட்டம் வகுத்திருப்பாள்? வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். அந்தத் திட்டத்தை முழுசாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"அப்ப எனக்கு இன்னா ப்ளான் வெச்சிருந்த?"

என் தோளில் அடித்துக்கொண்டிருந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"உனக்கா?" என்றாள். "உனக்கு எதுக்குய்யா ப்ளானு? சும்மாதான் ஆடினேன்."