தெற்குப் பக்கத்து வெளிச்சம்

யமனுக்கு எதிராகத் தன் வீட்டுக் கூரையைத் திருப்பி வைத்த மனிதரை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். நான் கண்டிருக்கிறேன். அந்தக் கூரையில் ஏறி ஓடு மாற்றியவனே நான்தான்.

இணுவிலில் எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், அவருக்கு டைனமோ என்று பெயர். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். யுத்த காலத்தில், ஊரில் கரண்டே இல்லாத வருடங்களில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, அதன் டைனமோவால் றேடியோவைப் பேச வைத்தவர். கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் தேயும். "ஆர் செத்ததாம்? ஆரெண்டு சொன்னவன்?" என்று சனம் கத்தும். "பொறுங்கோ, வாசிக்கிறவரை முதல் உயிர்ப்பிப்பம்" என்பார் டைனமோ அண்ணை.

பிறகு ஊருக்குக் கரண்ட் வந்தது. அவருடைய மனைவி அன்னம் அக்காவுக்கு நுரையீரல் வருத்தமும் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்சிசன் மெஷின் வைத்தார்கள். இரவும் பகலும் 'ம்ம்ம்' என்று இரைந்தபடி மூக்குக் குழாய் வழியே அக்காவுக்குக் காற்றுக் கொடுக்கும். அது இரையும்வரைதான் அக்கா.

நாடு முழுக்க மின்வெட்டுத் தொடங்கிய பிறகு அந்த இரைச்சல் அடிக்கடி பொசுக்கென்று நிற்கும். மெஷின் விசில் அடிக்கும். அண்ணை ஓடிப்போய்ச் சிலிண்டரைத் திருகுவார். ஒருநாள் மைமல் நேரத்தில், பொழுது இருட்டும்போது, சிலிண்டரும் பாதியில் முடிந்து போனது. கரண்ட் வருவதற்குள் அக்காவின் உதடு நீலமாகிவிட்டது. அன்றைக்கு அண்ணை முற்றத்துக்கு வந்து மின்கம்பத்தைப் பார்த்துச் சொன்னார்: "உனக்கும் எனக்கும் இனிக் கதை இல்லை."

சோலர் பூட்டுகிற பெடியள் வந்தார்கள். கூரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, தகடு தெற்கைப் பாத்து இருக்க வேணும். அப்பதான் வருசம் முழுக்க வெயில் விழும்" என்றார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பொன்னு மாமிக்கு அது கேட்டுவிட்டது.

"எடேய் டைனமோ! தெற்கு யமன்ரை திசையெல்லோ? வருத்தக்காரியை வீட்டிலை வைச்சுக்கொண்டு அவருக்கு முகட்டிலை வாசல் திறக்கிறியோ?"

"மாமி, அவர் எந்தப் பக்கத்தாலை வருவார் எண்டு ஊருக்கே தெரியும். தெரிஞ்ச பக்கத்தை ஆரும் சும்மா விடுவினமோ? கண்ணாடி மாதிரித் தகடு. வெயில் பட்டு அடிக்க, மனிசன் கண் கூசித் திரும்பிப் போயிடுவார்."

"அப்ப ராவிலை வந்தால்?"

அண்ணை அதை யோசித்திருக்கவில்லை. அன்று பின்னேரமே தெற்குச் சுவரில் ஒரு பெரிய பல்ப் பூட்டினார். உள்ளே கட்டிலில் கிடந்த அக்கா மூச்சு வாங்கி வாங்கிச் சிரித்தார். "பாத்து வரச்சொல்லி... லைற்றும் போட்டு விட்டிருக்கிறார்."

எங்கள் வீடுகளின் கூரை கிழக்கும் மேற்குமாகச் சரிவது. தகடுகளைத் தெற்கைப் பார்க்க வைப்பதற்கு இரும்புச் சட்டம் போட வேண்டியிருந்தது. வெறும் சட்டம் மட்டும் ஒருநாள் மேலே நின்றது. ஒழுங்கை முகப்பிலிருந்து பார்த்தால், யாரோ பாடை கட்டி முகட்டில் ஏற்றி வைத்ததுபோல் இருந்தது. பால் கொண்டு வருகிறவர் வாசல் படலையிலேயே போத்தலை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"தம்பி, நீ கதையாத ஆள்" என்றார் அண்ணை, ஓடுகளை எனக்கு எடுத்துத் தந்தபடி. "உன்னோடை வேலை செய்யிறது சுகம். என்ரை கதையை ஆரும் குழப்பமாட்டினம்."

தகடுகள் ஏறிய அன்று காகங்கள் வந்தன. மேல் விளிம்பில் வரிசையாக இருந்து, எல்லாம் தெற்கையே பார்த்தன. ஒரு சத்தமில்லை. செத்த சனம் காகமாக வருவது எங்களுக்குத் தெரிந்த விசயம். எனக்கு ஓட்டின்மேல் நிற்கக் கால் கூசியது. அண்ணை ஏணியில் நின்றபடியே கை கூப்பினார்.

"அப்பு, ஆச்சி, எல்லாரும் வந்தது சந்தோசம். எச்சம் மட்டும் போடாதையுங்கோ. கரண்ட் குறைஞ்சால் உங்கடை மருமோளுக்குத்தான் கரைச்சல்."

காகங்கள் எழும்பிப் போயின. ஒன்று மட்டும் நடுத்தகட்டில் நின்று, அதில் தெரிந்த தன் உருவத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

"உது பெரியப்பு" என்றார் அண்ணை. "உயிரோடை இருக்கேக்கையும் சொல்வழி கேக்காத மனிசன்."

அதற்குப் பிறகு மின்வெட்டில் ஒழுங்கை முழுக்க இருண்டு கிடக்க, அந்த ஒரு வீடு மட்டும் வெள்ளையாக எரியும். உள்ளேயிருந்து 'ம்ம்ம்' என்று வரும். சைக்கிளில் வருகிறவர்கள் அந்த இடத்தில் இறுக்கி மிதிப்பார்கள். நானும்தான்.

மாரி வந்தது. நாட்கணக்காகச் சூரியனைக் காணவில்லை. காற்றில் மரம் விழுந்து கரண்ட் கம்பியும் அறுந்தது. சிலிண்டர் ஏற்றி வந்த வாகனம் வெள்ளத்தில் நின்றுவிட்டது. அக்காவை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகவும் ஒரு வாகனம் கிடைக்கவில்லை. பொழுதுபடும் நேரம் சோலர் பற்றரி முடியப்போகிறது என்று சிவப்பு வெளிச்சம் காட்டியது. அண்ணை பிரிட்ஜை நிறுத்தினார், ஃபானை நிறுத்தினார், வீட்டு லைற் எல்லாவற்றையும் நிறுத்தினார். மிஞ்சியது தெற்குப் பக்கத்துப் பல்ப். சுவிச்சில் விரலை வைத்துக்கொண்டு அழுத்தாமல் நின்றார்.

அக்கா சொன்னார்: "நிப்பாட்டுங்கோ... அவர் வந்தால்... நான் கதைச்சுக்கொள்ளுறன்."

பல்ப் அணைந்தது. அண்ணை வெளியே போய்த் தெற்குச் சுவரடியில் மழைக்குள் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். உள்ளே மெஷின் இரைச்சல் மெலிந்து கொண்டிருந்தது.

அப்போது தெற்கு வேலி சரசரத்தது. வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் ஒரு கறுத்த உருவம் குனிந்து வந்து நிமிர்ந்தது. தலையில் கிரீடம்போல் அகலமாக, சதுரமாக ஏதோ இருந்தது. மெல்ல மெல்ல, மூச்சு இரைக்க எங்களை நோக்கி நடந்தது. அண்ணை என் கையை இறுக்கிப் பிடித்தார். குரல் நடுங்கினாலும் மரியாதை குறையவில்லை.

"வீட்டிலை ஒருதரும் இல்லை. பேந்து வாருங்கோ."

"ஒருதரும் இல்லாட்டி நீ ஆரடா, பேயோ? முதல் இதை இறக்கு, கழுத்து முறியுது!"

பொன்னு மாமி. தலையில் பனையோலைக் கடகம், கடகத்துக்குள் உழவு மெஷின் பற்றரி.

"மருமோன்ரை. எழும்பிக் கேட்டால் எனக்கு ஒண்டும் தெரியாது."

"ஏன் மாமி தெற்காலை வந்தனீங்கள்?"

"என்ரை வீடு தெற்காலைதானேடா கிடக்கு!"

மாமியின் பற்றரி விடியும்வரை தாங்கியது. விடிந்ததும் கொஞ்சம் வெயில் எறித்தது.

அக்கா அந்த மாரியைத் தாண்டினார். தைப்பொங்கலுக்கும் இருந்தார். பிறகு ஒருநாள் மத்தியானம், நெருப்பு வெயிலில், பற்றரி நிறைந்திருக்க, மெஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க, நித்திரையிலேயே போய்விட்டார். அண்ணை அந்த நேரம் கூரையில் தகடு கழுவிக்கொண்டு நின்றிருக்கிறார். நான் போனபோது ஏணியடியில் இருந்தார்.

"தம்பி, நான் தெற்கைப் பாத்துக்கொண்டு நிண்டனான். உவர் வடக்காலை வந்திட்டார்."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தும் அந்த வீட்டில் மெஷின் நிற்கவில்லை. வெறும் கட்டில். தலையணைமேல் கிடந்த குழாய் தன்பாட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒழுங்கைச் சனம் பயந்தது. "நீ ஒருக்காச் சொல்லிப் பார்" என்று பொன்னு மாமி என்னை அனுப்பினார். சொல்வதற்கு எனக்கு வெகுநேரம் பிடித்தது.

"அண்ணை, இனி நிப்பாட்டுவமே?"

"வெயில் சும்மாதானே வருது, தம்பி. ஓடட்டும்."

பிறகு நான் கேட்கவில்லை. வேலை முடிந்து மைமலில் வரும்போது அவருடைய படலையடியில் சைக்கிளை விட்டு இறங்குவேன். முதலில் அந்த இரைச்சல் கேட்கும். கொஞ்சம் பொறுத்து, உள்ளேயிருந்து அவருடைய இருமல் கேட்கும். இரண்டும் கேட்ட பிறகுதான் ஏறி மிதிப்பேன்.