மூளை சாரின் பாட்டு வைத்தியம்

தாராவியில் பிசாசு ஓட்டுபவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் மூளையை மேசைமேல் வைத்து வேதம் சொல்லிக்கொடுத்தவர் மூளை சார் ஒருவர்தான். செம்பூரில் ஒரு இறையியல் கல்லூரி ஆசிரியர். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் சபைக்கு வந்து, ஆபீசும் பட்டறையும் முடித்து வருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பார். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் நினைவில்லை.

மூளையை வலைப் பையில் போட்டுத்தான் லோக்கல் ரயிலில் போவார். ஒருநாள் எதிர் சீட்டு அம்மாள், "பாய்சாப், கோபி கஹாங் ஸே லியா?" என்று காலிஃபிளவர் வாங்கிய இடத்தை விசாரித்தாள். இது காலிஃபிளவர் இல்லை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஜெபிக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று விளக்க ஆரம்பித்தார். அம்மாள் குர்லாவிலேயே இறங்கிவிட்டாள். "பாவம், மான்குர்த் போகணும்னு சொன்னாங்க," என்று எங்களிடம் வருத்தப்பட்டார்.

பிறகு ஒரு ஞாயிறு, தன் பிரசங்கத்தின்போது சபை மூப்பர்கள் நால்வர் கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிவிட்டார். அடுத்த வாரம் மேடையிலேயே முடிவைச் சொன்னார். "ஒன்பதாவது நிமிஷத்துல மூணு பேர் தூங்கிட்டாங்க. நேசமணி அண்ணாச்சி ஏழாவதுலேயே. தப்பு என் பேச்சுமேலதான்."

சபை சிரித்தது. தோல் பை பட்டறை நடத்தும் அண்ணாச்சி சிரிக்கவில்லை. "கோயிலுக்குள்ள நாடி பாக்கானாம், நாடி! இனிமே அந்த ஆளு இங்க வரப்பிடாது, சொல்லிட்டேன்." வகுப்பு நின்றது.

இரண்டே மாதத்தில் அண்ணாச்சிக்குப் பக்கவாதம். வலது கையும் பேச்சும் போய்விட்டன. பார்க்க வந்தவர்கள் விசுவாசக் குறைவு என்றார்கள், பிசாசு நாவைக் கட்டிவிட்டது என்றார்கள். அவர் மனைவி ரூத் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். "தம்பி, அந்த மூளை சாரைக் கூட்டியாங்களேன். வருவாவளா?"

அன்று மாலையே வந்தார். "பிசாசுமில்ல, பாவமுமில்ல அக்கா. மூளையில ரத்த ஓட்டம் தடைப்பட்டதால வந்தது. டாக்டர் சொன்ன பயிற்சியை விட்றாதீங்க." பிறகு அண்ணாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழைய கீர்த்தனையை எடுத்தார். சுருதி எங்கேயோ, சார் எங்கேயோ. அண்ணாச்சியின் முகம் சுளித்தது. ஒரு வார்த்தை பேச முடியாத மனிதர், பொறுக்க மாட்டாமல் அடுத்த அடியைச் சரியான சுருதியில், வார்த்தைகளோடு பாடினார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "சிலருக்குப் பேச்சு போனாலும் பாட்டு தங்கும். இந்த வழியா போய்ப் பார்ப்போம்," என்றார் சார்.

அதன்பின் கல்லூரி விட்டதும் தினமும் வந்தார். "தண்ணீ... வேணுமா...", "கால்... வலிக்குதா..." எல்லாமே ராகம்தான். சந்துப் பிள்ளைகள் வாசலில் நின்று பின்பாட்டுப் பாடினார்கள். சாருக்குக் கூச்சமே இல்லை.

மழை பிடித்த ஒரு மாலை, அக்கா அடுப்படியில் இருந்தாள், நானும் சாரும் அண்ணாச்சி பக்கத்தில். அண்ணாச்சி சுவரைப் பார்த்தபடி, ராகமே இல்லாமல், "ரூத்து" என்றார். அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

வாசல் கூரையடிக்கு வந்ததும் கேட்டேன். "சார், இது ஜெபமா, மூளையா?"

"இப்ப அதுவா முக்கியம்? இன்னொரு தடவை கூப்பிடுறாரான்னு கேளுங்க," என்று என்னைப் பேசவிடாமல் கதவோரம் காதைக் கொடுத்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது நனையவே இல்லை.

அவர் நடத்திய பாடமெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. ஆனால் எதிரில் யாராவது வார்த்தை வராமல் திணறினால், அவர் நின்றதுபோலவே நானும் பேசாமல் நிற்கிறேன்.