மஞ்சள் கோடு

"அண்ணா, பதினேழாவது புள்ளியில மஞ்சளா ஒரு கோடு தெரியுது. என்னன்னு பார்த்துச் சொல்றீங்களா?" சென்னை ஆபீசிலிருந்து நர்மதா போனில் கேட்டாள்.

ஜெயராஜ் போனைக் காதிலிருந்து எடுத்துப் படத்தைத் திறந்தான். பொன்னேரிக்குக் கிழக்கே உப்பங்கழி ஓரத்து அலையாத்திக் காட்டை, போன கோடையில் சாட்டிலைட் எடுத்த படம். வானத்திலிருந்து பார்த்ததில் எது மரம், எது பாசி என்று சந்தேகம் வந்தால், ஆபீசில் புள்ளி வைத்துக் காட்டுகிற அந்த இடத்துக்கே நடந்துபோய்ப் பார்த்துச் சொல்வதுதான் அவன் வேலை. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் பாதி ஆயுசு வெந்தவனுக்குச் சேற்றில் நடப்பது சொகுசாகவே இருந்தது.

விரலால் பெரிதாக்கினான். பச்சைக்கு நடுவே, ஓர் ஆள் நீளத்துக்கு மஞ்சள்.

அது அவன் மனைவி விக்டோரியாவின் ஈஸ்டர் சேலை. ஊரில் அந்த மஞ்சளுக்கு வேறு சேலை கிடையாது. எடுத்த அன்றைக்கே "ஆட்டோ கலரு" என்று கிண்டல் செய்தவனே அவன்தான். சேற்றில் கையால் இறால் தடவிப் பிடிக்கப் போனவள், நனைந்த சேலையை மரத்தில் காயப்போட்டிருக்கிறாள்.

விக்டோரியா செத்து எட்டு மாதம் ஆகிறது. கல்லறையில் அவள் பெயர் இருந்தது, ஆனால் அது செத்தவளுடையது. இந்தப் படத்தில் அவள் உயிரோடு இருந்தாள். சேலை என்று சொன்னால் 'தப்பு' என்று நர்மதா அதைப் படத்திலிருந்தே அழித்துவிடுவாள்.

"மரந்தான் மேடம்," என்றான். "இலையெல்லாம் பழுத்துக்கினு வருது."

"அப்படியா? போட்டோ அனுப்புங்க."

போனான். பதினேழாவது புள்ளியில் மரங்கள் பச்சைப் பசேலென்று நின்றன. கீழே உதிர்ந்திருந்த பழுத்த இலைகளைப் பொறுக்கி, கிளையில் செருகி, கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினான். அத்தோடு விட்டது சனியன் என்று நினைத்தான்.

சாயங்காலமே நர்மதா கூப்பிட்டாள். குரலில் பதற்றம். "இது ஏதோ நோய் மாதிரி இருக்குண்ணா. வியாழக்கிழமை தேசப்பன் சாரோட நானே வர்றேன்."

தேசப்பன் சார் திட்டத்தின் மேலதிகாரி. பொய் என்று தெரிந்தால் வேலையும் போகும், சேலையும் போகும்.

புதன்கிழமை பொன்னேரி மார்க்கெட்டில் மஞ்சள்தூள் வாங்கினான். குப்புராஜிடம் நெல்லுக்கு மருந்தடிக்கிற தெளிப்பானை இரவல் வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு உப்பங்கழிக்குள் இறங்கினான். அங்கே இறால் தடவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாண்ணா, மரத்துக்கு மஞ்சத்தண்ணி ஊத்துற? வயசுக்கு வந்துடுச்சா?"

"ஆபீஸ் வேல. நீ உன் வேலயப் பாரு."

அலையாத்தி இலை வழுவழுப்பானது. ஒரு சொட்டு நிற்கவில்லை. அடித்ததையெல்லாம் கடற்காற்று திருப்பி அவன் மேலேயே கொண்டுவந்து போட்டது. அன்றைக்கு மூன்று தடவை சோப்புப் போட்டும் மஞ்சள் போகவில்லை.

மறுநாள் கங்கம்மாவின் படகில்தான் எல்லாரும் போனார்கள். அவள் கழி ஊன்றித் தள்ளினாள். தேசப்பன் மரத்தைப் பார்த்தார். பிறகு ஜெயராஜின் முகத்தையும் கையையும் சட்டையையும் பார்த்தார்.

"ஏம்பா, மரத்தத் தவிர எல்லாம் மஞ்சளா கீது."

நர்மதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயராஜுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் படகுப் பலகையில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"நோயெல்லாம் இல்ல சார். அது எம் பொண்டாட்டி சேல. சொன்னா அழிச்சிடுவீங்கன்னு பொய் சொன்னேன். வேலய விட்டுத் தூக்கிடுங்க. அத மட்டும் அழிக்காதீங்க."

தேசப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேலைக்கு ஒண்ணும் ஆவாதுப்பா. அழுவாத," என்றார்.

நர்மதா அவன் போனை வாங்கிப் படத்தைப் பார்த்தாள். "அழிக்கலண்ணா. 'சேலை காய்கிறது'ன்னு எழுதிடறேன். போதுமா?"

அவன் தலையாட்டினான். துக்கம் அடங்கவில்லை. விக்டோரியா இருந்தவரை, இவன் குடித்துவிட்டு எங்கே கிடக்கிறான் என்று தேடுவதே அவளுக்கு வேலையாக இருந்தது. அவள் போன பிறகு அவன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. இப்போது தேடுகிற முறை இவனுடையது.

"சேல கீது மேடம். அவ இல்ல," என்றான். "இங்கதான் எங்கனா நெழல்ல குந்திக்கினு இருப்பா. தெனம் பெரிசு பண்ணிப் பாக்கறேன். அவளத்தான் கண்டுபுடிக்க முடியல."

கங்கம்மா கழியைச் சேற்றில் ஊன்றிப் படகை நிறுத்திவிட்டு, குனிந்து போனைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியவள், அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"அது காயப்போட்டது இல்லண்ணா. அன்னிக்கி நீ குடிச்சிட்டு இங்க கரையில உழுந்து கெடந்த. உன்னத் தூக்க முடியாம, வெயில் படக்கூடாதுன்னு அண்ணி ஊட்டுலேந்து சேலய எடுத்தாந்து மேல கட்டுனாங்க. அதுக்கு அடியில நீதான் கீற."