பதினாலா, இருபதா?

"பதினாலு!"

"இருபது!"

ஏழாம் வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தது. கணக்கு டீச்சர் சந்திரகலா கரும்பலகையில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 2 + 3 × 4.

"பெருக்கலைத்தான் மொதல்ல செய்யணும். பதினாலுதான் சரி," என்றாள்.

"எங்க கால்குலேட்டர் இருபதுன்னு காட்டுதே டீச்சர்!" அழுத்திய வரிசையிலேயே கூட்டிப் பெருக்கிவிடும், கடையில் பில் போடும் சாதாரண கால்குலேட்டர் கொண்டுவந்திருந்த பாதி வகுப்பு எழுந்து நின்றது. காலேஜ் படிக்கும் அண்ணன், அக்காவிடம் சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கி வந்த மீதிப் பாதி, "பதினாலு" என்று பெஞ்சைத் தட்டியது.

மறுநாள் வேங்கிக்கால் கல்வி ஆபீஸிலிருந்து அதிகாரி வருகிறார். கால்குலேட்டர் வைத்துக் கணக்கு நடத்தும் திட்டம் அடி அண்ணாமலைப் பள்ளியில் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் வருகிறார். சந்திரகலாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"இதுக்கு ஏம்மா இவ்ளோ டென்ஷன்? எல்லார் கையிலயும் ஒரே மாதிரி மிஷின் இருந்தா ஒரே விடைதானே வரும்?" என்றார் தலைமையாசிரியர் ராமதாஸ்.

சாயங்காலமே டவுனுக்குப் பஸ் ஏறி, ஒரு பை நிறைய ஒரே மாதிரி கால்குலேட்டர் வாங்கி வந்தாள். காலையில் பிள்ளைகள் அழுத்தினார்கள். வகுப்பே ஒரே குரலில் கத்தியது.

"இருபது!"

வாங்கி வந்தது அத்தனையும் பில் போடுகிற ஜாதி.

"சரி சரி, பெருக்கலை மொதல்ல அழுத்துங்க. அப்புறம் மிச்சத்தை."

பதினாலு வந்தது. சந்திரகலாவுக்கும் மூச்சு வந்தது. அடுத்து 10 − 2 × 3 எழுதினாள். பிள்ளைகள் அவள் சொன்னபடியே ரெண்டையும் மூணையும் பெருக்கி, அதிலிருந்து பத்தைக் கழித்தார்கள்.

"மைனஸ் நாலு!"

"ஐயோ, வெறும் நாலு! பத்துலேர்ந்துதான் ஆறைக் கழிக்கணும்!"

"நீங்கதானே டீச்சர் பெருக்கலை மொதல்ல அழுத்தச் சொன்னீங்க?" என்றாள் முதல் பெஞ்சு கவிநிலா.

பெருக்கி வந்ததை 'எம்' என்ற மெமரி பட்டனில் சேர்த்து வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். அதை அழிக்கச் சொல்லித் தர மறந்துவிட்டாள். பழைய கணக்கின் மிச்சம் மிஷினுக்குள் உட்கார்ந்துகொண்டு, பெஞ்சுக்கு ஒரு விடை வந்தது.

வாசலில் ஜீப் சத்தம்.

"எல்லாத்தையும் பைக்குள்ள போடுங்க! மனசுலயே கணக்குப் போடுங்க!"

அதிகாரி உள்ளே வந்தார். கரும்பலகையில் அழிக்காமல் கிடந்த முதல் கணக்கைக் காட்டினார். "இது எவ்ளோ?"

"பதினாலு!"

ஒரு குரல்கூடப் பிசகவில்லை. சந்திரகலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிகாரி தன் பையிலிருந்து ஒரு கால்குலேட்டரை எடுத்து அழுத்தினார். முகம் சுருங்கியது. மறுபடி அழுத்தினார்.

"இருபது வருது."

"சார், பெருக்கலை மொதல்ல..."

"மிஷின் பொய் சொல்லுமாம்மா? ஒரு வகுப்பு மொத்தத்துக்கும் தப்பாச் சொல்லிக்குடுத்து வச்சிருக்கீங்க! பௌர்ணமி அன்னிக்கு எங்க ஆபீஸ்ல கால்குலேட்டர் பயிற்சி இருக்கு. வந்து உக்காந்து கத்துக்குங்க."

ராமதாஸ் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்ற டீச்சர்கள் முன்னால் மாணவி மாதிரி எப்படிப் போய் உட்காருவது? சாயங்காலம் சந்திரகலா அதிகாரியின் ஆபீஸ் கிளார்க் இளவரசனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, பௌர்ணமின்னா ஊரெல்லாம் கிரிவலக் கூட்டம் ஜாஸ்தி, பஸ்ஸே நகராது. அந்தப் பயிற்சிக்கு நான் வரலைன்னு ஐயாகிட்ட எப்படியாவது சொல்லிடுங்களேன்."

"ஐயய்யோ, வராம இருந்துடாதீங்க டீச்சர்! ஆர்டர் இன்னும் உங்களுக்கு வந்து சேரலையா? அன்னிக்கு ஐயா உள்பட எல்லாருக்கும் பாடம் எடுக்கப்போறதே நீங்கதான்னு போன வாரமே ஐயா கையெழுத்துப் போட்டுட்டாரே!"